பொதுச்சுவருக்கு அப்பால் ஒரு சாக்ஸபோன்

முன்யோசனை இல்லாமல் வாசிக்க வேண்டிய இசையை ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவன் நான். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி, இன்னொருவர் என் சகலை. இரண்டு பேரும் இன்றுவரை வெளியில் மூச்சு விடவில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

நடந்தது போன வருடம் ஆவணி மாதம், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில். ஆனால் கதை கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு நடுச்சுவரிலிருந்து தொடங்குகிறது.

நான் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் எனக்கொரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். நான் எழுதும் வாக்கியங்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ எழுதியவை. ஆளும் நான்கெல்லையும் மாறும், மற்றதெல்லாம் 'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து' வகையறா. பகலெல்லாம் இப்படிச் சொன்னதையே சொல்கிறவனுக்கு, மாலையில் யாரும் சொல்லாததைக் கேட்க ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு அது ஃப்ரீ ஜாஸாக வந்தது. தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: கச்சேரியில் ஆலாபனை கேட்டிருப்பீர்கள். அதிலிருந்து ராகத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் இது. என்ன வாசிக்கப் போகிறோம் என்று வாசிப்பவருக்கே தெரியக்கூடாது. கேட்பவருக்குச் சில சமயம் முடிந்த பிறகும் தெரியாது.

இணையத்தில் ஒரு சிற்றிதழ் இருக்கிறது. அதில் இந்த வகையில் புதிதாக வரும் பதிவுகளைப் பற்றி மாதாமாதம் எழுதுகிறேன். டிரம்பெட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இரண்டு பேர் ஊதியது, ஒரு அம்மாள் செல்லோவின் தந்தியைத் தொடாமல் மரத்தை மட்டும் முக்கால் மணி நேரம் தேய்த்தது, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு நியாயம் வழங்குவேன். எனக்குப் பிடிக்காத பதிவுக்கு நான் வைத்திருந்த சாட்டையடி ஒரே வாக்கியம்: 'முன்பே யோசித்து வைத்த வாடை அடிக்கிறது.' இதை நான் எழுதிய பிறகு அந்த இசைக்கலைஞர் தலைநிமிர முடியாது என்று நம்பினேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது வேறு விஷயம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்த இசையைக் கேட்கும் ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஒரே ஆள் என்றால் போட்டி இல்லை. முதலும் நானே, கடைசியும் நானே. சின்னசேலத்தில் ஒரு பேண்டு செட்டைக் கலைத்தபோது ஒரு பழைய சாக்ஸபோனை வாங்கி வந்து நானே ஊதவும் தொடங்கினேன். "இன்னாங்க, கொஞ்சம் நிறுத்துங்க, குக்கர் விசில எண்ண முடியல" என்பாள் மனைவி. கலைஞனுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் வாங்கிய இரண்டாம் மாதம் என் சகலையும் ஒன்று வாங்கினார். சென்னையிலிருந்து, புத்தம் புதிதாக, வெல்வெட் வைத்த பெட்டியோடு.

சகலை என்ற உறவு எதற்காக ஏற்பட்டது என்று யோசித்திருக்கிறேன். மாமனார் வீட்டில் ஒரு மாப்பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டால் ஒப்பிட ஆள் இல்லை, அதற்காகத்தான். என் மனைவியின் தங்கை கணவர் அவர். சேலம் சாலையில் டைல்ஸ் கடை. என்னைவிட இரண்டு வயது இளையவர், தலைமுடி முழுதாக இருக்கிறது, சிரித்த முகம். தீபாவளிக்குப் போனால் மாமியார் எனக்கு, "சாப்டுங்க மாப்ள" என்பார். அவருக்கு, "இன்னும் ஒரு துண்டு மீனு வச்சிக்கோங்க மாப்ள" என்பார். இருபது வருடமாக அந்த ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாக்ஸபோன் வாங்கிய ஆறே மாதத்தில் அவர் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் சினிமாப் பாட்டு முழுசாக வாசித்தார். பந்தல் மொத்தமும் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

மாமனார் இரண்டு மகள்களுக்கும் ஒரே அச்சில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரே சுவர். தான செட்டில்மெண்ட் பத்திரத்தை எழுதியவன் நான்தான். 'மேற்படி நடுச்சுவர் இருதரப்பாருக்கும் பொது' என்று தெளிவாக எழுதினேன். அதன் வழியாகப் போகும் சத்தம் யாருக்குப் பாத்தியம் என்று எழுதத் தவறிவிட்டேன்.

போன ஆடியில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். முப்பது வயதிருக்கும், தமிழ்ப்பெண், ட்ரம்ஸ் வாசிப்பவள். என் கட்டுரைகளைப் படிப்பவளாம். அவளும், டபுள் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் நண்பர் ஒருவரும் புதிய பதிவு ஒன்று செய்கிறார்கள். ஒவ்வொரு ஊராகப் போய் அங்கே இருக்கிறவர்களோடு உட்கார்ந்து வாசிப்பது, அதை அப்படியே வெளியிடுவது. கல்வராயன் மலையில் ஒரு சமுதாயக்கூடம் கிடைத்திருக்கிறது, நீங்கள் வந்து வாசிக்கிறீர்களா என்று கேட்டாள்.

"ஒரே கண்டிஷன்தான் சார். முன்னாடியே தயார் பண்ணிட்டு வரக்கூடாது. ஒரே டேக். உங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்களே எழுதுறீங்களே" என்றாள்.

"சேச்சே" என்றேன். மறுநாள் காலையிலிருந்து தயார் செய்யத் தொடங்கினேன்.

என் பயம் எனக்குத்தான் தெரியும். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாடை பார்த்தவன், மைக் முன்னால் நின்று ஒன்றும் தோன்றாமல் முழித்தால் அது இணையத்தில் என்றென்றைக்கும் கிடக்கும். எனவே திடீரென்று தோன்றியது போலவே இருக்கும்படி ஒன்றைப் பத்திரம் எழுதுவதுபோல் எழுதினேன். முதலில் காற்று மட்டும் கலந்த ஒரு நீண்ட சுரம். பிறகு ஊதாமல் விரலால் வாத்தியத்தின் சாவிகளை மட்டும் தட்டும் டக் டக் டக். பிறகு தொண்டையிலிருந்து ஓர் உறுமல், அதிலிருந்து படிப்படியாக மேலே ஏறி ஓர் அலறல். தயக்கம்கூட எங்கே வரவேண்டும் என்று தீர்மானித்து வைத்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு இதைப் பழகுவேன். சரியாக அந்த அலறலின் உச்சியில் சமையலறையிலிருந்து குரல் வரும்: "மோட்டர் போட்டீங்களா?" இரண்டு வீட்டுத் தொட்டிக்கும் ஒரே போர்வெல், சுவிட்ச் எங்கள் பக்கம். சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் போட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். தினமும் இப்படி நடந்ததால் அதை நான் கவனிக்கவே இல்லை.

பதிவுக்கு முதல் நாள் மனைவி சொன்னாள்: "அந்தப் பொட்டிய தூக்கிக்கினு பஸ்ல இன்னாத்துக்கு? பக்கத்து வூட்டுத் தம்பிகிட்ட சொல்லிட்டேன், கார் எடுத்தார்றாரு."

சகலை வந்தார். கார் டிக்கியில் வெல்வெட் பெட்டியும் இருந்தது.

"சும்மாதாண்ணே. மலையில நல்லா எதிரொலிக்கும்னாங்க, ஒரு தபா ஊதிப் பாக்கலாம்னு" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் டிக்கியில் இரண்டு பெட்டிகளும் மோதிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். மேலே மழை தூறிக்கொண்டிருந்தது. சாமை வயல்களைத் தாண்டி ஒரு மேட்டில் அந்தச் சமுதாயக்கூடம். உள்ளே ட்ரம்ஸ், மைக்குகள், வயர்கள். பாஸ் வாசிப்பவர் நெட்டையானவர், தமிழ் தெரியாது, எதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். ட்ரம்ஸ் பெண் என் கையைப் பிடித்து, "உங்க எழுத்தப் படிச்சாலே பயமா இருக்கும் சார்" என்றாள். சகலை பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொன்னாளே என்று எனக்குப் பரம திருப்தி. அன்றைக்கு எனக்குக் கிடைத்த திருப்தி அவ்வளவுதான்.

"மொதல்ல மைக் லெவல் பாக்கணும். யாராவது கொஞ்ச நேரம் ஊதுறீங்களா?" என்றாள்.

இங்கேதான் என் சாமர்த்தியம் வேலை செய்தது. ஒரு மாதம் பொத்திப் பொத்தி வளர்த்ததை மைக் சரிபார்ப்பதில் வீணாக்குவேனா? தாராள மனசு உள்ளவன் போல, "நீங்க ஊதுங்க சகலை. ஆசைப்பட்டீங்களே" என்றேன்.

"எனக்கு சினிமாப் பாட்டுதாண்ணே வரும்."

"அதெல்லாம் இங்க கூடாது. முன்னாடியே தயார் பண்ணதும் கூடாது, அதான் கண்டிஷன். மனசுல வர்றத ஊதுங்க."

சகலை கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட சுரம் ஊதினார். காற்று மட்டும் கலந்தது. நான் அதை ஒன்றும் நினைக்கவில்லை. புதிதாக ஊதுகிறவர்களுக்குக் காற்றுதான் வரும். பிறகு அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு விரலால் சாவிகளைத் தட்டினார். டக் டக் டக்.

என் காது சூடானது.

பிறகு உறுமல். பிறகு நான் தீர்மானித்து வைத்த இடத்தில் நான் தீர்மானித்து வைத்த தயக்கம். நான் ஏறிய படிகளிலேயே அவர் ஏறினார். ஆனால் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறிய படிகளில் அவர் ஓடினார். ட்ரம்ஸ் பெண் ஓசைப்படாமல் போய் உட்கார்ந்து குச்சியை எடுத்துக்கொண்டாள். பாஸ் சேர்ந்துகொண்டது. மேஜைமேல் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லெவல் பார்ப்பது முடிந்து எப்போது பதிவு ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது.

அலறலின் உச்சிக்குப் போனதும் சகலை சட்டென்று நிறுத்தினார். சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மற்ற இருவரும் நிறுத்தினார்கள். தகரக் கூரையில் தூறல். தூரத்தில் ஒரு ஜீப் மலையேறும் சத்தம். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. எதற்காக இவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று யோசித்தேன். ஒருவர் எழுந்துபோய் மோட்டர் போட்டுவிட்டு வருகிற நேரம் அது.

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாசித்து முடித்தார்.

ட்ரம்ஸ் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த சைலன்ஸ்... யாருக்கு அந்த தைரியம் வரும்? எங்கேர்ந்து சார் வந்துச்சு இது?" என்று சகலையிடம் கேட்டாள்.

என் உயிர் அவர் வாயில் இருந்தது. 'அண்ணன் தினமும் காலைல ஊதுவாரு, அதுதான்' என்று ஒரு வரி சொன்னால் போதும். இத்தனை வருடம் நான் எழுதியதெல்லாம் அந்தக் கூடத்துத் தரையில் சிந்திவிடும். அது என்னுடையது என்று கத்தவும் ஆசை, என்னுடையது என்று தெரிந்துவிடக்கூடாதே என்ற நடுக்கமும். வாழ்க்கையில் எத்தனையோ வில்லங்கச் சொத்துகளுக்குப் பத்திரம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சகலை என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெர்லீங்க. சும்மா தானா வந்துச்சு" என்றார்.

அடுத்து என் முறை. மைக் முன்னால் நின்றேன். விரல்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதை இன்னொருவர் வாசித்து முடித்துவிட்டார். வேறு ஏதாவது ஊதலாம் என்று ஆரம்பித்தால் அந்த நீண்ட சுரமே வந்தது. ட்ரம்ஸ் பெண் சகலையைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கு நான் மரியாதை செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்போது எனக்குள் வந்தது கலை இல்லை. அந்த ஒரு துண்டு மீன், மஞ்சள் நீராட்டுக் கைதட்டல், வெல்வெட் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரே சுரமாக, அடித்தொண்டையில், அசிங்கமாக வந்தது. மூச்சு தீரும்வரை ஊதினேன். மறுபடி மூச்சு எடுத்து அதையே ஊதினேன். கடைசியில் ஊதும் வாயிலிருந்த ரீடு கீச்சிட்டது. நிறுத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்து என்ன என்று தெரியாமல் வாசித்திருந்தேன்.

"நல்லா இருந்துது சார்" என்றாள் அந்தப் பெண். வில்லங்கம் உள்ள சொத்தைக் கொண்டுவருகிறவர்களிடம் நாங்கள் "பாக்கலாம்" என்போமே, அதே குரல்.

இறங்கும்போது சகலைதான் பேசினார். இரண்டு வளைவு கழித்து, சாலையைப் பார்த்துக்கொண்டே, "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே" என்றார்.

"எதுக்கு?"

"ஆரம்பிக்கும்போது எனக்கே தெர்ல. டக் டக்னு தட்டும்போதுதான், ஐயய்யோ இது அண்ணனோடதாச்சேன்னு தோணுச்சு. காலைல பல்லு தேய்க்கறப்ப தெனம் கேட்டுக்கினே இருப்பனா, கையில ஏறிடுச்சு. நடுவுல நிறுத்தலாம்னு பாத்தா அவங்க ரெண்டு பேரும் சேந்துக்கினாங்க."

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு கேக்க சொல்லோ உங்கள சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம், முன்னாடியே தயார் பண்ணக் கூடாதுன்னு கண்டிஷன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. உங்கள காட்டிக் குடுத்தா மாதிரி ஆயிடுமேன்னு வுட்டுட்டேன்."

பொறாமைக்காரனுக்குச் செய்யக்கூடிய கொடுமைகளில் பெரியது அவனிடம் நல்லவராக நடந்துகொள்வது. என் சகலை கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்குக் கள்ளக்குறிச்சி வரை நிம்மதியாக வந்திருப்பேன். அவர் திருடியிருந்தால், சொல்லிச் சிரித்திருந்தால், குறைந்தபட்சம் கொஞ்சம் பெருமைப்பட்டிருந்தாலாவது போதும். அவரோ கோமுகி அணைப் பக்கம் காரை நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க நடுவுல ஒரு எடத்துல அப்படியே நிறுத்துவீங்க பாருங்க, அதுதாண்ணே எனக்கு ரொம்பப் புடிக்கும். எப்படி யோசிச்சீங்க?" என்று கேட்டார். டீ சுடுகிறது என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தை மாதம் பதிவு வெளியானது. சகலையின் வாசிப்பு இரண்டாவது துண்டாக முழுசாக இருந்தது. என்னுடையதை அதன் வாலில் ஒட்டியிருந்தார்கள், ஒரு தும்மல் நேரத்துக்கு. கலைஞர் பெயர்களில் அவருக்கு 'சாக்ஸபோன்', எனக்குக் 'கூடுதல் சாக்ஸபோன்'. சிற்றிதழ் ஆசிரியர் அதைப் பற்றி எழுதச் சொன்னார். நான் இருக்கும் பதிவை நானே எழுதுவது முறையல்ல என்று நழுவினேன். வேறொருவர் எழுதினார். 'இரண்டாவது துண்டில் முன்பே யோசித்து வைத்த வாடை துளியும் இல்லை. கடைசியில் வரும் கூடுதல் சாக்ஸபோன் மட்டும், இப்படித்தான் செய்யவேண்டும் என்று வீட்டிலேயே முடிவுகட்டி வந்தது போல் இருக்கிறது' என்று என் வாக்கியத்தையே எடுத்து என் மேல் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகும் புதிய பதிவுகளைக் கேட்கிறேன், எழுதுகிறேன். ஆனால் வாடையைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டேன். எங்கோ ஒருவர் கண்ணை மூடி ஊதுவதைக் கேட்கும்போது, இது எந்தச் சுவர் வழியாக இவருக்கு வந்திருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் எவன் வயிறெரிந்துகொண்டிருப்பான் என்றுதான் இப்போது தோன்றுகிறது. முகம் தெரியாத அந்த ஆள்தான் எனக்கு இப்போது மிகவும் வேண்டியவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். மொச்சை உரித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"இது நீங்க காலைல ஊதிக்கினு இருந்ததுதானே?" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை அந்த நிமிடம் போல் நேசித்ததில்லை. "ஆமா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று தோலை முறத்தில் தள்ளினாள். "நடுவுல நான் மோட்டர் போடச் சொல்ற எடம் மட்டும் நல்லாருக்கு."